சூடு வாத்தியாரின் தீயில்லாத அடுப்பு

உலகத்தில் பிறந்த அத்தனை பேரையும் இரண்டே ரகமாகப் பிரித்துப் போட்டுவிட்டு, நிம்மதியாகத் தூங்கிய மனிதர் ஒருவரை எனக்குத் தெரியும். ஒன்று, சூடு விடுகிற ரகம். மற்றது, சூடு குடிக்கிற ரகம். இனம், மொழி, மதம், உத்தியோகம் எதுவும் அவரிடம் செல்லுபடியாகாது. "உங்க கங்காணி இருக்கானே, சுத்தமா சூடு குடிக்கிற ரகம்யா. பக்கத்துல கொஞ்ச நேரம் நின்னு பாரு, உன் உடம்புல இருக்கிற தெம்பெல்லாம் அவனுக்குள்ள போயிடும்" என்பார். நான் எந்த ரகம் என்று ஒருநாள் ஆசையாகக் கேட்டேன். மேலும் கீழும் பார்த்தார். "நீ இன்னும் வினையிலேயே இறங்கலைப்பா" என்றார். ரசாயன வினையைச் சொல்கிறார் என்று பிற்பாடுதான் புரிந்தது.

அவருடைய நிஜப் பெயர் எங்கள் ரப்பர்த் தோட்டத்தில் யாருக்கும் தெரியாது. கூடப் பிறந்த அக்காவே 'தம்பி' என்றுதான் கூப்பிடுவாள். மற்ற எல்லோருக்கும் அவர் சூடு வாத்தியார்.

சுங்கைப் பட்டாணியில் ஓர் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் அவர் விஞ்ஞானம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஜப்பான்காரன் வந்தான். பள்ளிக்கூடத்தில் குதிரைகளைக் கட்டினான். வாத்தியாருக்கு வேலை போயிற்று. பாக்கார் ஆராங்கில் வாடகைக்கு இருந்த அறையைக் காலி செய்துவிட்டு, எங்கள் தோட்டத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்த விதவை அக்கா அஞ்சலையின் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். கூடவே மூன்று மரப்பெட்டிகள். அரிசியாக இருக்கும் என்று லயத்து வரிசை வீட்டு ஜனமே கூடி நின்று இறக்கி வைத்தது. திறந்தால் உள்ளே கண்ணாடிக் குப்பிகள், விதவிதமான உப்புப் பொட்டலங்கள், ஒரு வெப்பமானி. பஞ்ச காலத்தில் மூன்று பெட்டி ஏமாற்றம் என்றால் சாதாரணமா? கூட்டம் அப்படியே கலைந்து போயிற்று.

பாக்கார் ஆராங் என்றால் மலாயில் 'கரி சுடுவது' என்று அர்த்தம். அந்த ஊரிலிருந்து வந்தவருக்கு விறகடுப்பைக் கண்டாலே ஆகாது. அக்கா அடுப்பு மூட்டினால் பக்கத்தில் நின்று புலம்புவார்.

"விறகு விடுற சூட்டுல பாதிக்கு மேல கூரைக்குத்தான் போகுது, அக்கா. பானைக்குக் கிடைக்கிறது மிச்சம் மீதிதான்."

"கூரைக்கும் குளிரும்ல. விடு தம்பி" என்பாள் அஞ்சலை அக்கா.

அவர் முதன்முதலில் புகழ் பெற்றது கள்ளுக்கடையில். ஐஸ் என்ற சாமானையே மறந்துபோன காலம் அது. மத்தியான வெயிலில் கள் வெந்நீர் மாதிரி இருந்தது. வாத்தியார் கள் குடிக்க மாட்டார். ஆனால் எவனோ 'சூடா இருக்குலா' என்று முனகியது காதில் விழுந்துவிட்டது. அவ்வளவுதான், வீட்டுக்கு ஓடிப்போய் ஒரு பொட்டலம் நவச்சாரத்தோடு திரும்பி வந்தார். ஒரு வாளித் தண்ணீரில் கொட்டிக் கலக்கி, அதற்குள் கள்ளுப் போத்தலை நிறுத்தினார்.

"இந்த உப்பு தண்ணியில கரையணும்னா அதுக்குச் சூடு வேணும். எங்க போகும்? தண்ணிகிட்டத்தான் பிடுங்கும். தண்ணி போத்தல்கிட்டப் பிடுங்கும். இப்ப தொட்டுப் பாருங்க!"

தொட்டவன் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். வாளி அப்படிச் சில்லிட்டிருந்தது. கடையே கைதட்டியது. முனியாண்டி மட்டும் கைதட்டவில்லை. முனியாண்டி என் சேக்காளி. ஆள் வாட்டசாட்டம், பசி அதைவிட வாட்டசாட்டம். எல்லோரும் போத்தலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவன் வாளியைத் தூக்கி அந்த நவச்சாரத் தண்ணீரைக் குடித்துவிட்டான். அன்று சாயங்காலம் வரை கள்ளுக்கடைக்குப் பின்னால் அவன் வாந்தியெடுத்த சத்தம் அடுத்த லயத்துக்கும் கேட்டது. வாத்தியார் அவன் முதுகைத் தடவிக்கொண்டே, "வெளியில வச்சிருந்ததை ஏன்டா உள்ள விட்டே?" என்று உண்மையான வருத்தத்தோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த தோட்டத்தில் ஒருநாள் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் கங்காணி பெயர் வாசித்தார். சயாமில் ரயில் பாதை போடுவதற்கு ஆள் வேண்டும். கல்யாணம் ஆகாத வாலிபர்கள் முதலில். நல்ல சம்பளம், நல்ல அரிசி, சீக்கிரம் திரும்பி விடலாம் என்றார். போன தடவையும் அதைத்தான் சொன்னார். அப்போது லாரி ஏறிய பையன்களில் ஒருவன்கூடத் திரும்பி வரவில்லை, ஒரு தகவலும் இல்லை. அவர்களுடைய தாய்மார்கள் பெரட்டுக் களத்துக்கு எதிரிலேயே நின்றிருந்தார்கள். அழக்கூட இல்லை, பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

இந்தத் தடவை வாசித்ததில் என் பெயர் இருந்தது. முனியாண்டி பெயர் இருந்தது. மாதா கோயிலில் மணி அடிக்கும் ஆரோக்கியத்தின் பெயரும் இருந்தது. லாரி வருவதற்கு முன்பே நாங்கள் மூன்று பேரும் தோட்டத்துக் கடைசியில் இருக்கும் பாயாவுக்குள் இறங்கிவிட்டோம். பாயா என்றால் முழங்கால் ஆழச் சேறும் முள்ளும் அட்டையுமான சதுப்புக்காடு. நடுவில் ஒரு மேட்டு நிலம். எவனோ எப்போதோ நட்டுவிட்டு மறந்துபோன மரவள்ளி அங்கே காடாக வளர்ந்திருந்தது.

கிழங்கு இருந்தது, தண்ணீர் இருந்தது, ஆரோக்கியம் துணியில் உப்புகூட முடிந்து கொண்டுவந்திருந்தான். இல்லாதது தீ ஒன்றுதான். பக்கத்துத் தோட்டத்துப் பையன்கள் இதே மாதிரி ஒளிந்திருந்தவர்கள், பசி தாங்காமல் ஒருநாள் அடுப்பு மூட்டினார்கள். மரங்களுக்கு மேலே ஒரு கயிறு மாதிரி புகை எழுந்தது. அடுப்பு அணைவதற்குள் துப்பாக்கிகள் வந்துவிட்டன. வீட்டிலிருந்து சோறு வரவும் வழியில்லை. பாயாவுக்கு வரும் பாதையில் ஒரு பாலம் உண்டு. அங்கே ஜப்பான் சிப்பாய் ஒருவனும் கங்காணியும் உட்கார்ந்து, போகிற வருகிற எல்லோருடைய மங்குகளையும், அதாவது சோற்றுக் கிண்ணங்களையும், திறந்து பார்த்தார்கள். பச்சைக் கிழங்கைத் தின்று பார்த்தோம். அது கசப்புக் கிழங்கு. மூன்று பேருக்கும் தலை சுற்றி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தோம். "சயாமுக்கே போயிருக்கலாம்டா, அங்க வெந்த சோறாச்சும் போடுவான்" என்று முனியாண்டி அழுதான்.

மரக்கறி பறிக்கிற சாக்கில் அஞ்சலை அக்கா ஒருநாள் வந்து எங்கள் நிலையைப் பார்த்தாள். வீட்டுக்குப் போய்த் தம்பியிடம் சொன்னாள். வாத்தியார் சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம். தட்டைத் தள்ளி வைத்துவிட்டார்.

"தீ வேண்டாம்க்கா. அவங்களுக்குச் சூடுதான் வேணும். ரெண்டும் ஒண்ணுல்ல."

"அப்போ சூட்டை என்ன மடியிலயா கட்டிக் கொண்டுபோவே?"

"டின்னுல" என்றார்.

மறுநாளே அவர் சுங்கைப் பட்டாணிக்குப் போய், ஜப்பான் அதிகாரியின் முன்னால் குனிந்து கும்பிட்டு நின்றார். அந்த அதிகாரிக்குத் துப்பாக்கிக்குப் பயமில்லை, வயிற்றுப்போக்குக்குத்தான் பயம். தோட்டத்துக் கக்கூஸ்களுக்கெல்லாம் சுண்ணாம்பு போட்டால் நோய் அண்டாது, நானே சுட்டுத் தருகிறேன் என்றார் வாத்தியார். அதிகாரி எழுந்து நின்று அவருக்குப் பதில் வணக்கம் போட்டாராம். ரப்பர்ப் பால் வெட்டு பாதி நின்றுபோனதால், ரப்பர்த் தாள்களை உலர்த்தும் தோட்டத்துப் புகைவீடு சும்மாக் கிடந்தது. அதை வாத்தியாரிடம் கொடுத்துவிட்டார்கள். கோலா கெடாவிலிருந்து கருவாடு கொண்டுவரும் மலாய்க்காரரிடம், இனி கெராங் சிப்பியின் ஓடும் கொண்டுவா என்று சொன்னார். சதை இல்லாத வெறும் ஓட்டுக்குச் சாக்குக் கணக்கில் ஆர்டர் கொடுத்த மனிதரை அந்த மலாய்க்காரர் அதுவரை பார்த்ததில்லை. "சிக்கு கிலா" என்று தலையில் அடித்துக்கொண்டார். வாத்தியாருக்குப் பைத்தியம் என்று அர்த்தம். தோட்டத்தில் யாரும் மறுக்கவில்லை.

முதல் சூளை தோற்றது. நாளெல்லாம் கரியோடு எரிந்த ஓட்டை வெளியே எடுத்து, தண்ணீர் ஊற்றிவிட்டு, வாத்தியார் குந்தி உட்கார்ந்து பார்த்தார். ஓடு நனைந்தது. வேறொன்றும் நடக்கவில்லை.

"பத்தலை. இன்னும் குடிக்கணும்" என்றார்.

இரண்டாவதும் தோற்றது. கொல்லனிடம் துருத்தி வாங்கி வந்தார். அஞ்சலை அக்கா துருத்தி போட, அவர் கரி அள்ளிப் போட, அவருடைய புருவம் இரண்டும் கருகிப் போயின. அக்கா துருத்தியை விட்டுவிட்டு எழுந்தாள்.

"எனக்குக் கை ஓஞ்சு போச்சு தம்பி. இது ஆகாது."

"ஆகும்க்கா. ஓட்டுக்குள்ள ஒரு வாயு இருக்கு. அதை வெளியே துரத்தணும்னா நிறையச் சூடு ஊட்டணும். ஊட்டின சூடு எங்கயும் போகாது. வாயு போன சுண்ணாம்பு தண்ணிக்காகக் காத்துக்கிட்டே இருக்கும். தண்ணி பட்ட உடனே மொத்தமாத் திருப்பிக் கொடுக்கும். நாம இங்க ஊருக்கு முன்னால சுடறோம், அந்தப் பசங்க அங்க புகையில்லாம சமைக்கப் போறாங்க. போடுக்கா, அந்தப் பசங்க பசியா இருக்காங்க."

அக்கா மறுபடி உட்கார்ந்தாள். மூன்றாவது சூளையில் ஓடுகள் வெள்ளை வெளேரென்று வந்தன. ஒரு கை எடுத்துத் தண்ணீர் தெளித்தார். 'சொய்ங்' என்று சீறி, விரிந்து, வெடித்து, மாவாக உதிர்ந்தது. ஆவி பறந்தது. கங்காணி வாசலில் நிற்பதையும் கவனிக்காமல் வாத்தியார் புகைவீட்டுக்குள் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து, "கக்கூஸுக்குப் போடுற சுண்ணாம்புக்கா இந்தக் குதி குதிக்கிறான்?" என்று கங்காணி எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்.

பாலத்துக்கு அப்பால் தோட்டத்தின் கீழ் டிவிஷனிலும் கக்கூஸ் உண்டு. அதனால் மூடிபோட்ட பெரிய பிஸ்கட் டின்னில் சுண்ணாம்பை நிரப்பி, சாக்கில் சுற்றி, முதுகில் கட்டிக்கொண்டு வாத்தியார் பாலத்தைத் தாராளமாகக் கடந்து வந்தார். பாதி கக்கூஸுக்கு, பாதி எங்களுக்கு.

எங்கள் முதல் சமையல் ஒரு யுத்தம். மண்ணில் குழி வெட்டி, சுண்ணாம்பைக் கொட்டி, நடுவில் கிழங்கும் தண்ணீரும் போட்ட பால் டின்னை நிறுத்தி, சுற்றிலும் தண்ணீர் ஊற்ற வேண்டும். வாத்தியார் தண்ணீரைக் கொஞ்சம் அதிகமாக ஊற்றினார். சுண்ணாம்பு கொழகொழவென்று ஆனது, கிழங்கு குளித்து எழுந்த மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது. அடுத்த தடவை தண்ணீரைக் குறைத்தார். குழி சீறி வெடித்து, பால் டின் துள்ளி, எங்கள் நான்கு பேர் முகத்திலும் வெள்ளை அடித்தது. ஆரோக்கியம் சிலுவை போட்டுக்கொண்டான். அதற்கடுத்த தடவை கிழங்கு நன்றாகவே வெந்தது, ஆனால் டின் மூடி வழியாகச் சுண்ணாம்பு உள்ளே போய்விட்டது. முதல் வாய் போட்ட முனியாண்டியின் உதடு வீங்கி, தோசை மாதிரி தொங்கியது.

"சார், நாங்க பட்டினியாவே இருந்துக்கிறோம் சார்" என்றான் அவன், வார்த்தை வழுக்க வழுக்க.

"முடியாது" என்றார் வாத்தியார். "நீங்க சாப்பிடாம நான் இந்தப் பாயாவை விட்டுப் போறதா இல்ல."

மூடிக்கு ரப்பர்ப் பால் பூசி அடைத்தார். கிழங்கைத் துருவி, கசப்புச் சாற்றைப் பிழிந்துவிடச் சொன்னார். ஆவி வெளியே தெரியாமல் இருக்க ஈரச்சாக்கும் வாழையிலையும் போட்டு மூடினார். விடிகாலைப் பனி மூட்டத்தில் மட்டும் சமையல் என்று சட்டம் போட்டார். வெப்பமானியை வாயில் கவ்விக்கொண்டு குழியைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஒருநாள் காலை மூடியைத் திறந்தால், ஒரு பொறி நெருப்பில்லாமல், ஒரு இழை புகையில்லாமல், பூப்போல வெந்த மரவள்ளிப் புட்டு. முனியாண்டி இரண்டு கையாலும் அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, சூட்டில் 'ஹா ஹா' என்று ஊதிக்கொண்டே அழுதான். நாங்களும்தான். வாத்தியார் ஒரு வாய்கூட எடுத்துக்கொள்ளவில்லை. எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்படியே மாதக்கணக்கில் ஓடியது. அப்புறம்தான் அந்த மழை நாள் வந்தது.

அதற்கு முந்தைய சில நாட்களாகச் சிப்பாய்கள் பாயா ஓரத்தில் சுற்றிக்கொண்டே இருந்ததால் வாத்தியாரால் வர முடியவில்லை. நாங்கள் வெறும் வயிற்றோடு கிடந்தோம். அன்று மழை பெய்கிறதே என்றுகூடப் பார்க்காமல் டின்னை முதுகில் கட்டிக் கிளம்பிவிட்டார். கீழ் டிவிஷனுக்குப் புல் வெட்டப் போன அஞ்சலை அக்கா பின்னாலேயே வந்தாள். பாலத்தில் நடந்ததை அவள்தான் பிற்பாடு எங்களுக்குச் சொன்னாள்.

கங்காணிக்கு அன்று சந்தேகம் வந்துவிட்டது. "இந்த மழையில கக்கூஸுக்கு என்னய்யா அவசரம்? இறக்கு. டின்னுல அரிசி கடத்தறியா?"

"சுண்ணாம்புங்க. திறக்காதீங்க, மழை பட்டாக் கெட்டுப் போகும்."

திறக்காதே என்று சொன்னால் எந்தக் கங்காணிதான் திறக்காமல் இருப்பார்? மூடியை நெம்பித் திறந்து, மழையில் வைத்துக்கொண்டே குச்சியால் கிளறினார். வெள்ளையாக இருந்தது. மாவு என்று நினைத்தார். ஈர விரலைத் தோய்த்து, வாத்தியார் "ஐயோ வேண்டாங்க" என்று கையைப் பிடிப்பதற்குள், நாக்கில் வைத்துவிட்டார்.

கங்காணி போட்ட கூச்சல் தமிழும் இல்லை, மலாயும் இல்லை, ஜப்பானும் இல்லை. ஆற்றுக்கு ஓடினார், வாயில் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றினார். சிப்பாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, வாத்தியாரைப் 'போ' என்று கையசைத்துவிட்டான். வாத்தியார் மூடியை அழுத்தி, டின்னை முதுகில் கட்டிக்கொண்டு நடந்தார்.

ஆனால் மழைத்தண்ணீர் உள்ளே போய்விட்டது. டின் முதுகில் சுடத் தொடங்கியது. பாலத்திலிருந்து நேர் பாதை. வளைவு வரும் வரை சிப்பாயின் பார்வையிலேயே போக வேண்டும். கக்கூஸ் சுண்ணாம்பு முதுகில் ஆவி விடுவதை அவன் பார்த்தால், கேள்வி வரும், ஆள் பின்னால் வரும், எங்களிடம் வந்து முடியும். ஆவி தெரியாதபடி தலைக்கு மேல் சாக்கை இழுத்துப் போட்டுக்கொண்டார். ஓடவும் இல்லை, நிற்கவும் இல்லை. புல் வெட்டுகிற ஆள் வேலைக்குப் போகிற மாதிரி நடந்தார். பின்னால் வந்த அக்காவுக்குச் சாக்கின் அடியில் ஆவி கசிவது தெரிந்தது.

வளைவு தாண்டியதும் "இறக்கி வை தம்பி! வெந்து போயிடுவே!" என்று கத்தினாள்.

"இறக்கி வச்சா இங்கயே ஆறிப்போயிடும்க்கா!" என்று கத்திவிட்டு அவர் ஓட ஆரம்பித்தார்.

பாயாவுக்குள் அவர் வந்த காட்சி இன்னும் என் கண்ணில் நிற்கிறது. மழையில் இடுப்பளவு ஏறியிருந்த சேற்றில், முதுகிலிருந்து ஆவி பறக்க, ரயில் எஞ்சின் மாதிரி மூச்சுவிட்டுக்கொண்டு வந்தார்.

"கிழங்கு எங்கடா? துருவ நேரமில்லை, வெட்டிப் போடு! சூடு போகுது! சூடு போகுது!"

நான் டின்னை வாங்கினேன். கை சுட்டது. உள்ளே சுண்ணாம்பு உப்பி மூடியைத் தள்ளிவிட்டிருந்தது. அவருடைய சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஆரோக்கியம் தண்ணீர் மங்கோடு ஓடிவந்தான்.

"முதல்ல சுண்ணாம்பைத் தட்டி விடு! பிறகு தண்ணி ஊத்து. நிறைய ஊத்து, நிறுத்தாம ஊத்து!" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. நாங்கள் ஊற்றினோம். அவர் வலியில் மண்ணைப் பிடுங்கிக்கொண்டே, "முனியாண்டி, நீ இங்க என்னடா பண்றே? நீ போய் டின்னை வை!" என்று விரட்டினார். அன்று டின்னை வைத்துவிட்டு முனியாண்டி குழிக்குப் பக்கத்தில் உட்காரவில்லை. வாத்தியாரின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அக்கா இருட்டுவதற்குள் அவரை மெல்ல அழைத்துக்கொண்டு போனாள். அதன் பிறகு சுண்ணாம்பு டின்னை அவளே சுமந்து வந்தாள். பாலத்தில் ஒரு சிரமமும் இல்லை. நாக்கு ஆறிய பிறகும் கங்காணி அந்த டின்னைக் கண்டால் எழுந்து வழிவிட்டார்.

ஒருநாள் அக்கா டின் இல்லாமல் ஓடிவந்தாள். "ஜப்பான்காரன் கையைத் தூக்கிட்டானாம்டா! வெளியே வாங்கடா!" என்றாள். ஆரோக்கியம் மாதா கோயிலுக்கு ஓடினான். முனியாண்டி எந்த வீட்டில் அடுப்பு புகைகிறதோ அந்த வீட்டுக்கு ஓடினான். நான் அஞ்சலை அக்கா வீட்டுக்குப் போனேன்.

வாத்தியார் பாயில் குப்புறக் கிடந்தார். மருந்தில்லாத காலம், தேங்காய் எண்ணெயே வைத்தியம். முதுகு முழுக்கச் சுருங்கிய தோல். சட்டை போட முடியாது, மல்லாந்து படுக்கவும் முடியாது. காலடிச் சத்தம் கேட்டுக் கழுத்தைத் திருப்பினார்.

"நான்தான் சார்."

"வந்துட்டியா? மூணு பேருமா?"

"மூணு பேரும் சார்."

தலையைப் பாயில் சாய்த்துக்கொண்டார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்.

"அன்னைக்கு, மழையில... வரும்போதே சூடு நிறையப் போயிடுச்சு. கிழங்கு நடுவுல வெந்திருந்துச்சா?"

அன்று கிழங்கு நடுவில் பச்சையாகத்தான் இருந்தது. ஓரத்தை மட்டும் சுரண்டித் தின்றுவிட்டு மீதியைச் சேற்றில் புதைத்தோம்.

"பஞ்சு மாதிரி வெந்திருந்துச்சு சார்" என்றேன். "மூணு பேரும் அடிச்சுக்கிட்டுத் தின்னோம்."

அவர் முகம் அப்படியே மலர்ந்தது. "எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அவர் தூங்கும் வரை முதுகுக்கு விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் அம்மா எனக்காகக் காத்திருந்த வீடு அடுத்த லயத்தில்தான் இருந்தது. அங்கே நான் போனது அதற்குப் பிறகுதான்.